கடல் இல்லாத ஊரில் பந்தயப் படகுச் சங்கம்: ஒரு மீட்டர் வகுப்பைத் தொடங்கி நடத்தும் முறை

பாய்மரப் படகுப் பந்தயத்தில் வகுப்பு என்பது ஒரே விதிப்புத்தகத்துக்குள் கட்டப்பட்ட படகுகளின் கூட்டம். அந்தப் புத்தகத்தைக் காப்பது, திருத்துவது, படகை அளப்பது, சான்றிதழ் தருவது எல்லாம் வகுப்புச் சங்கத்தின் வேலை. தனி ஆளாக உலகைச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தின் 60 அடிப் படகுகளை இமோகா என்ற சங்கம் ஆள்கிறது. 1991ல் தொடங்கிய அதை 1998ல் உலகப் பாய்மர அமைப்பு அங்கீகரித்தது. 12.19 மீட்டர் படகுகளுக்கு கிளாஸ் 40, அதைவிடச் சின்ன 6.50 மீட்டர் படகுகளுக்கு மினி வகுப்பு.

மதுரையில் இருந்துகொண்டு இவற்றில் ஒன்றைத் தொடங்க முடியாது. ஆனால் அதே ஒழுங்கோடு நடக்கும் ஒரு வகுப்பு நம் கண்மாய்க்குப் பொருந்தும். ரேடியோவால் இயக்கும் ஒரு மீட்டர் நீளப் பாய்மரப் படகு, சுருக்கமாக ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்). 1988ல் உருவான விதி. உலக அளவில் அதற்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. நாலு கிலோ படகு, பைக்கில் கொண்டுபோகலாம்.

சங்கம் என்றவுடன் தலைவர், செயலாளர், லெட்டர்பேடு என்று ஆரம்பிப்பதே நம் பக்கத்து வழக்கம். வகுப்புச் சங்கத்துக்கு அது தலைகீழ். முதலில் விதி, பிறகு தராசும் தண்ணீர்த் தொட்டியும், பிறகு அளக்கத் தெரிந்த இருவர். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பொறுப்பாளர்கள் மாறினாலும் வகுப்பு நிற்கும். இவை இல்லாமல் பதிவு எண் மட்டும் இருந்தால், முதல் கோப்பையிலேயே "அவன் படகு எடை குறைவு" என்று சண்டை வந்து கலைந்துவிடும்.

சொந்தமாக விதி எழுத வேண்டாம்

வரும் ஆசைகளில் மோசமானது இது. உள்ளூரில் கிடைக்கும் பொருளுக்கு ஏற்ற எளிய விதி என்று நாலு பக்கம் எழுதத் தோன்றும். எழுதாமல் விட்ட இடம் ஒவ்வொன்றிலும் அடுத்த ஆண்டு ஒருவர் புகுந்து வேகமான படகு கட்டுவார். ஐஓஎம் விதி மூடிய விதி. அதாவது எது அனுமதி என்று எழுதியிருக்கிறதோ அது மட்டுமே அனுமதி. எழுதாதது எல்லாம் தடை. திறந்த விதி இதற்கு நேர்மாறு: எழுதித் தடுக்காத எதையும் செய்யலாம். படகு கட்டத் தொடங்குபவர்களிடம் இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "விதியில் வேண்டாம் என்று எங்கே போட்டிருக்கிறது?" என்ற கேள்விக்கு மூடிய விதியில் இடமே இல்லை.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள்: உடலின் நீளம் அதிகபட்சம் 1000 மி.மீ. முன்முனையில் கடைசி 10 மி.மீ. ரப்பர் போன்ற மெத்துப் பொருளாக இருக்க வேண்டும், அதுவும் நீளத்தில் சேரும். கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் தொங்கும் தகடும் அதன் நுனியில் உள்ள ஈயக் குண்டும். மிதக்கும்போது நீர்மட்டத்திலிருந்து கீலின் அடிவரை 370 மி.மீ.க்குக் குறையாமல், 420க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். உடல் மட்டும் நீருக்குள் 60 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. உலர்ந்த நிலையில் மொத்த எடை 4000 கிராமுக்குக் குறையக் கூடாது. ஈயக் குண்டோடு சேர்ந்த கீல் 2200 முதல் 2500 கிராம். சுக்கான் 75 கிராமுக்குள். ரேடியோவால் சுக்கானும் பாய்க்கயிறும் மட்டுமே இயங்கலாம். உடலில் கார்பன் இழை கூடாது. பாய்மரம் அலுமினியம் அல்லது மரம். மெல்லிய காற்றுக்கு ஏ, பலத்த காற்றுக்கு சி, இடையில் பி என்று மூன்று பாய்த் தொகுதிகள். மூன்றுக்கும் பாயின் அளவு விதியிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

உடல் வடிவம் மட்டும் கட்டுபவரின் விருப்பம். இது யோசித்துச் செய்த பிரிவு. பணம் விழுங்கும் இடங்களை இறுக்கிவிட்டு, மூளைக்கு வேலை உள்ள இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இமோகாவும் 2013ல் இதே முடிவுக்குத்தான் வந்தது. கீல் உடைந்தும் பாய்மரம் ஒடிந்தும் படகுகள் பந்தயத்தை விட்டு விலகிக்கொண்டே இருந்ததால், அந்த இரண்டையும் எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரியாக்கி, உடலின் வடிவத்தை வடிவமைப்பாளரிடமே விட்டது.

படகு எண் வேண்டுமென்றால், இந்தியாவுக்கான பதிவை யார் கையாளுகிறார்கள் என்று சர்வதேசச் சங்கத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம் என்பதே அவர்களின் ஏற்பாடு. ஆகவே மதுரைச் சங்கம் தானாக எண் அச்சடித்து ஒட்டக் கூடாது. பின்னால் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அந்த எண் செல்லாது.

அளவாளர்கள்

குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் போதாததற்குக் காரணம் நேர்மையின் மேல் சந்தேகம் அல்ல. தான் வைத்திருக்கும், வடிவமைத்த, கட்டிய படகை ஒருவர் தானே அளந்து சான்று தரக் கூடாது. சின்ன ஊரில் நன்றாக அளக்கத் தெரிந்தவரே பெரும்பாலும் நன்றாகக் கட்டுபவராகவும் இருப்பார். இரண்டாவது ஆள் இல்லையென்றால் ஊரின் பாதிப் படகுகள் சான்றிதழ் இல்லாமல் கிடக்கும். லேத் பட்டறை, பாலிடெக்னிக், நகைப் பட்டறை ஆகிய இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கை சீக்கிரம் வரும். வெர்னியர் படிக்கத் தெரிந்தவருக்குப் படகு விதி சொல்லிக்கொடுப்பது எளிது. படகோட்டிக்கு அளவின் பொறுமையைச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம்.

அளவு நாள்

மதியம் காலியாக இருக்கும் சிறிய கல்யாண மண்டபம் போதும். தரைத்தளமாக இருக்கட்டும். சாப்பாட்டு மேசைகள் அங்கேயே கிடைக்கும். ஏ தொகுதியின் பெரிய பாயை விரிக்க 1.8 மீட்டருக்குக் குறையாத மேசை வேண்டும்.

தராசு 5 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், 1 கிராம் படியில் காட்ட வேண்டும். மளிகைக் கடையின் 30 கிலோ தராசு பெரும்பாலும் 5 கிராம் படியில் தாவும், ஆகாது. அளவு தொடங்கும் முன் முத்திரை போட்ட 2 கிலோ எடைக்கல் இரண்டை வைத்துப் பாருங்கள். 4000 காட்ட வேண்டும். நடுவிலும் முடிவிலும் மறுபடி பார்த்து மூன்று முறையும் நோட்டில் எழுதுங்கள். படகை நிறுத்த ஒரு மரத் தொட்டில் செய்து, அதை வைத்துச் சுழியாக்கிய பிறகு படகை ஏற்றுங்கள். மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள். பாய் கட்டிய படகில் விசிறிக் காற்று பட்டால் எண் ஒரு இடத்தில் நிற்காது. ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான எண்ணைப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

எடையை மூன்று பாய்த் தொகுதியோடும் தனித்தனியாகப் பாருங்கள். எதோடு பார்த்தாலும் 4000க்குக் குறையக் கூடாது என்பதால், இலேசான தொகுதிதான் எடைக்குச் சோதனை. கனமான தொகுதிதான் மிதப்பு ஆழத்துக்குச் சோதனை. முந்தைய நாள் ஓட்டிய மரப் படகு ஈரம் குடித்து எடை கூடியிருக்கும். தளத்தில் பஞ்சு விட்டுத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் பிசின் ஒட்டு பிரியும்.

அதிகம் தவறு நடப்பது தண்ணீர்த் தொட்டியில். உள் அளவு 1200 × 400 மி.மீ., உயரம் 500 மி.மீ. மீன் தொட்டி செய்பவரிடம் 10 மி.மீ. கண்ணாடியில் சொன்னால் செய்து தருவார். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ இருக்கும். அதனால் மேசை மேல் வைக்காமல், சமமான தரையில் ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். நான்கு மூலையிலும் ஸ்டீல் ஸ்கேலால் ஆழம் பாருங்கள். ஸ்கேலை ஒட்டித் தண்ணீர் சற்று மேலேறி வளையும். அந்த வளைவைப் படிக்காமல் தட்டையான மட்டத்தைப் படியுங்கள்.

தண்ணீரை 420 மி.மீ.க்கு நிரப்பிவிட்டுப் படகை இறக்கினால் அளவே பொய். நாலு கிலோ படகு நாலு லிட்டர் தண்ணீரைத் தள்ளும். இந்தத் தொட்டியின் பரப்பில் அது மட்டத்தை 8 மி.மீ.க்கும் சற்றுக் கூடுதலாக உயர்த்தும். 428 ஆழமுள்ள படகுகூடத் தரையைத் தொடாமல் தேறிவிடும். ஆகவே 411 அளவில் நிரப்பி, படகு மிதக்கும்போது குவளையால் ஊற்றி மட்டத்தைச் சரியாக 420க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு படகும் வெளியே வரும்போது கொஞ்சம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மட்டம் 420ல் இருக்கும்போது ஈயக் குண்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழைத்து இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அதிகபட்ச ஆழம் தேறியது. பிறகு 50 மி.மீ. கனமுள்ள கட்டையைக் குண்டுக்கு நேரே தரையில் நகர்த்துங்கள். கட்டை குண்டுக்கு அடியில் புகுந்து போனால் ஆழம் 370க்குக் குறைவு, தோல்வி. முட்டினால் சரி. உடலின் ஆழத்துக்கு, தரையிலிருந்து 360 மி.மீ. உயரத்தில் நிற்கும் கம்பிச் சட்டம் ஒன்றைக் கீலுக்கு இடைவெளி விட்டுச் செய்துகொள்ளுங்கள். உடல் அதைத் தொட்டால் 60 மி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நீளத்தில் தோற்கும் படகுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் தோற்கும். வரைபடத்தில் 1000 என்று வைத்துக் கட்டி, பெயின்ட்டும் மெத்தை ஒட்டிய பசையும் சேர்ந்து தாண்டியிருக்கும். கட்டுபவர்களிடம் 998க்குக் கட்டச் சொல்லுங்கள். எடையில் தோற்பது வேறு விதம். முதலில் தேறிய படகு, பேட்டரியை இலேசான லித்தியத்துக்கு மாற்றிய பிறகு 3980க்கு வந்து நிற்கும். ஈடுகட்டும் ஈயத் துண்டை உடலில் அசையாமல் பொருத்த வேண்டும். டேப்பில் ஒட்டி வந்தால் ஏற்க வேண்டாம்.

பாயைச் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, தட்டையாக விரித்து அளங்கள். பின்விளிம்பின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கத் தலை மூலையைக் கீழ்ப் பின்மூலையோடு சேர்த்து மடியுங்கள். கால், முக்கால் புள்ளிகளும் அதே மாதிரி மடித்துத்தான். டேப்பை வைத்து நாலாக வகுத்தால் வளைந்த விளிம்பில் புள்ளி தள்ளிப்போகும். அந்தப் புள்ளியிலிருந்து முன்விளிம்புக்கு மிகக் குறுகிய தூரம்தான் அகலம். தேறிய பாயில் கீழ் முன்மூலை அருகே அளவாளர் கையெழுத்தும் தேதியும். படகு கைமாறினால் சான்றிதழ் செல்லாமல் போகும், புதிய உரிமையாளர் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். இதைச் சான்றிதழின் மேலேயே தமிழில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் நிறையப் பிணக்கு தவிரும்.

பதிவு

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர். உறுப்பினர் 20ஐத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். சங்கப் பெயரில் இந்திய, தேசிய, அரசு போன்ற சொற்களைப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். வைகை, தென்பாண்டி என்று ஊர்ப் பெயரில் வையுங்கள்.

துணை விதிகள் எழுதும்போது ஒன்றில் கவனம் தேவை. படகின் அளவு விதிகளைத் துணை விதிகளுக்குள் எழுதிவிடாதீர்கள். துணை விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், திருத்தம் பதிவாளரிடம் பதிவான பிறகுதான் செல்லும். சர்வதேசச் சங்கம் ஒரு மில்லிமீட்டரை மாற்றினால் நீங்கள் பத்திர அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். "வகுப்பு விதிகள் சர்வதேசச் சங்கம் வெளியிடும், அவ்வப்போது நடப்பில் உள்ள பதிப்பே" என்று ஒரே ஒரு பிரிவு போதும். அதோடு இன்னும் இரண்டு பிரிவுகள்: படகு விற்பவர் தொழில்நுட்பப் பொறுப்பில் இருக்கக் கூடாது, வாக்கு உறுப்பினருக்கு ஒன்று, படகுக்கு ஒன்று அல்ல. மூன்று படகு வைத்திருப்பவர் மூன்று வாக்குப் போடும் சங்கத்தில் புதியவர் தங்கமாட்டார்.

பணத்துக்கு ஆண்டுச் சந்தா, அளவுக் கட்டணம் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். அளவுக் கட்டணம் தொட்டிக்கும் மண்டபத்துக்கும் ஆகும் செலவைத் தாண்ட வேண்டாம். சான்றிதழ் வாங்குவது விலையாலேயே தள்ளிப்போனால் சான்றில்லாத படகுகள் பெருகும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இரட்டைக் கையெழுத்தோடு.

விதியில் சந்தேகம் வரும்போது

பந்தயக் கரையில் விதிக்கு விளக்கம் சொல்லாதீர்கள். விதியின் பொருள் தெளிவில்லை என்றால் முறையீடுகளை விசாரிக்கும் குழு அதை வகுப்பின் விளக்கம் சொல்லும் அதிகாரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே பந்தய விதிகளின் ஏற்பாடு. கேள்வியை எழுத்தில் வாங்கி, எண் போட்டு அனுப்புங்கள். வந்த பதிலை எல்லோருக்கும் ஒரே நாளில் தெரியப்படுத்துங்கள். கேட்டவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பதில் போனால் அது அவருக்கான சலுகையாகப் பார்க்கப்படும்.

பந்தய அறிவிப்பின் மூலம் வகுப்பு விதியை மாற்றவும் முடியாது. வகுப்பு விதியே அதை அனுமதித்திருக்க வேண்டும், அல்லது வகுப்புச் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "இன்று மட்டும் 3900 கிராம் போதும்" என்று ஏற்பாட்டாளர் அறிவித்தால் அது செல்லாது. விதியின்படி படகைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக இன்றைய எடை சரி என்று ஆகாது. அதனால் கோப்பைப் பந்தயங்களில் முதல் மூன்று படகுகளைக் கரையேறியதும் தராசில் ஏற்றுங்கள்.

விதி மாறும் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். இமோகா தன் விதியை வாண்டே குளோபின் நான்காண்டுச் சுற்றுக்கு ஏற்ப வைத்திருக்கிறது. கோடிகளைப் போட்டுக் கட்டிய படகு நடுவழியில் சட்டவிரோதமாகக் கூடாதல்லவா. உள்ளூர் ஏற்பாடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பொதுக்குழுவில் மட்டும் மாற்றம் என்று வைத்தால் போதும்.

கண்மாயும் காற்றும்

மாடக்குளம், நிலையூர், வண்டியூர் போன்ற பெரிய கண்மாய்கள் நீர்வளத்துறையிடம் இருப்பவை. பொதுவாக 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரியது. அங்கே கோயில் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், தைத் தெப்பத்தை ஒட்டிய நாட்களைத் தொடவே வேண்டாம். அலுவலக அனுமதியோடு வேலை முடியாது. மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்து, வலை விரிக்கும் இடம் எது, எந்த நாளில் மீன் பிடிப்பு என்று பேசிக்கொள்ளாமல் மிதவை போட்டால் வலை உங்கள் கீலில் கிழியும்.

மிதவைகளை மடைக்கும் கலுங்குக்கும் தள்ளிப் போடுங்கள். மடை திறந்திருக்கும்போது, காற்று செத்த படகு மெதுவாக அந்தப் பக்கமே போகும். ஆழம் எல்லா இடத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போதே நடந்து பார்த்து, சீமைக்கருவேலக் கட்டை நிற்கும் இடங்களைக் குறித்துவைத்தால் மழைக்குப் பின் உதவும். ஆகாயத்தாமரை கண்ணுக்குத் தெரியும், தப்பிக்கலாம். வேலம்பாசி நீருக்குள் இருந்து கீலைப் பிடிக்கும். அதைக் கழற்ற படகைப் பின்னோக்கி ஓட்டப் பழக வேண்டும்.

மிதவைக்கு 5 லிட்டர் தண்ணீர் கேன், நங்கூரத்துக்குச் செங்கல் இரண்டு. கயிற்றை மிதவையில் கட்டிவிடாதீர்கள். மிதவையின் அடியில் உள்ள வளையத்தின் வழியாக ஓடவிட்டு, மறுமுனையில் 200 கிராம் ஈயம் தொங்கவிடுங்கள். நீர் ஏறினாலும் இறங்கினாலும் கயிறு செங்குத்தாக நிற்கும். தளர்ந்த கயிறு இருந்தால் திரும்பும் படகுகளெல்லாம் அதில் கீல் மாட்டி நிற்கும். பேட்டரி செத்த படகை மீட்க, மீன் நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்தை அதற்கு அப்பால் எறிந்து இழுக்கலாம். எட்டாத தூரத்துக்குப் பரிசலும் லைஃப் ஜாக்கெட்டும். யாரும் நீந்திப் போகக் கூடாது என்பதை எழுத்து விதியாகவே வையுங்கள்.

ரேடியோப் படகுக்குப் பந்தய விதிப்புத்தகத்தின் இ (E) பிற்சேர்க்கை பொருந்தும். திரும்பும்போது மற்றப் படகுக்கு இடம்விட வேண்டிய, மிதவையைச் சுற்றிய வட்டம் பெரிய படகுகளுக்குப் போல மூன்று படகு நீளம் அல்ல, நான்கு. தவறுக்குத் தண்டனையாகப் படகு போட வேண்டியது இரண்டு சுற்று அல்ல, ஒரு சுற்று. பாயில் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும். இரண்டு படகுக்கு ஒரே எண் வந்தால் ஒன்றுக்கு முன்னால் 1 சேர்த்துக்கொள்ளலாம்.

காலத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் ஒரு முரண் உண்டு. ஆடியில் மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும், சி தொகுதிக்கே வேலை இருக்கும், ஆனால் கண்மாயில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும், காற்று விட்டுவிட்டு வரும். தையிலும் மாசியிலும்தான் வாடை ஒழுங்காக வீசி ஏ தொகுதியில் நல்ல பந்தயம் கிடைக்கும். அதற்கேற்ப ஆண்டை வகுத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் படகு கட்டுதல், பாய் தைத்தல், அளவு நாள், தணிக்கை முடிந்த கணக்கோடு பொதுக்குழு. கணக்காண்டு மார்ச் 31ல் முடிவதால் பொதுக்குழுவும் பதிவாளருக்கு அனுப்பும் தாள்களும் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். புரட்டாசியில் கண்மாய் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுங்கள். மழை தொடங்கியபின் கொடுத்தால், அந்த அலுவலகத்தில் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள்.